அன்றாடங்காய்ச்சி மூளை

அச்சம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்றும், பொறாமை வந்தால் வயிறு எரிகிறது என்றும், துக்கம் வந்தால் சோறு தொண்டையில் இறங்கவில்லை என்றும் தமிழில் சொல்வது வழக்கம். மனத்தில் நிகழ்வதை வயிற்றின் கணக்கில் எழுதும் இந்தப் பேச்சு வெறும் அலங்காரந்தானா, உடலில் அதற்கு ஏதேனும் அடிப்படை உண்டா என்பது ஒரு புதிர். இந்தப் பாதை எதிர்த்திசையிலும் செல்லுமா என்பது அதைவிடப் பெரிய புதிர். மனம் கலங்கினால் பசி கெடும் என்பதை எவரும் ஒப்புவர். வயிற்றுக்குள் போவதும், போகாமல் விடுபடுவதும், போகின்ற நேரமும் சேர்ந்து மனத்தைக் கலக்குமா என்ற கேள்விக்குச் சென்ற நூறாண்டு ஆய்வுகள் தந்துள்ள விடை ஒரே சொல்லில் அடங்குவதன்று. சில இடங்களில் அது ஐயத்துக்கு இடமில்லாத ‘ஆம்’. சில இடங்களில் ‘இருக்கலாம்’. கைப்பேசித் திரையில் அன்றாடம் வலம்வரும் ‘மனத்துக்கு இதமான பத்து உணவுகள்’ போன்ற பட்டியல்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் ‘இல்லை’.

இந்த மூன்று விடைகளையும் ஒருசேர விளங்கிக்கொள்ளக் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலைப் போலப் பொருத்தமான ஊர் குறைவு. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் சுரங்கப் பணியை மேற்கொண்டதிலிருந்து, 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரை, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் குடியேறிய தொழிலாளர்களின் உணவு வேளையைத் தீர்மானித்தது சூரியன் அன்று, சுரங்கத்தின் சங்கு. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இரவென்றும் பகலென்றும் வேறுபாடு கிடையாது. ஷிப்டு மாறும்போது வீட்டின் உலையும் மாறியது. சுரங்கம் மூடிய பிறகு சங்கின் இடத்தை ரயில் பிடித்துக்கொண்டது. தங்கவயலின் மாரிகுப்பத்திலிருந்து விடியுமுன் புறப்பட்டு, பங்காருப்பேட்டை வழியாகச் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர் கடந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கானோரின் காலைச் சாப்பாடு பெரும்பாலும் ஒரு டீயோடும் பன்னோடும் முடிகிறது. கேழ்வரகுக் களி, சோறு, கருவாடு, மாட்டிறைச்சி, ஒரு காலத்தில் சாராயம், எல்லாக் காலத்திலும் டீ என்று அமைந்த இவ்வூர்த் தட்டில், உணவுக்கும் மனத்துக்கும் உள்ள உறவின் ஏறத்தாழ எல்லாக் கூறுகளும் இருக்கின்றன.

மூளையின் இயல்பிலிருந்து தொடங்குவதே முறை. உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்கே உள்ள இந்த உறுப்பு, ஓய்வாக இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. கல்லீரலுக்கும் தசைக்கும் சர்க்கரையைச் சேமித்துவைக்கும் கிடங்கு உண்டு. மூளைக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளும்படியான கிடங்கு இல்லை. இரத்தம் கொண்டுவந்து தருவதை அவ்வப்போது வாங்கி அப்போதே எரித்துவிடும் அன்றாடங்காய்ச்சி உறுப்பு அது. அன்றாடங்காய்ச்சிக் குடும்பத்தில் ஒருநாள் கூலி தவறினாலும் அடுப்படியில் தெரிந்துவிடுவதுபோல, வரத்தில் ஏற்படும் குறை மற்ற உறுப்புகளைவிட மூளையில் விரைவாக வெளிப்படுகிறது. மூளையின் குறை வெளிப்படும் இடந்தான் மனம்.

விறகு இருந்தால் மட்டும் அடுப்பு எரிந்துவிடாது, நெருப்பு வேண்டும். சர்க்கரை என்னும் விறகை உயிரணுக்கள் எரிக்கும்போது நெருப்பின் வேலையைச் செய்யும் பொருள்களில் ஒன்று தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்து. உடலில் உள்ள தயமின் இருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கே போதும். தானியத்தில் அது தங்கியிருப்பது தவிட்டிலும் முளைப்பகுதியிலும் என்பதால், ஆலையில் தீட்டித் தீட்டி வெளுப்பாக்கிய பச்சரிசியின் நூறு கிராமில் 0.06 மில்லிகிராம் மட்டுமே எஞ்சுகிறது. அதே அரிசியைப் புழுக்கிய பின் தீட்டினால் 0.21 மில்லிகிராம் நிற்கிறது, கேழ்வரகிலோ 0.42 மில்லிகிராம். நெல்லை ஊறவைத்து ஆவியில் வேகவைக்கும்போது தவிட்டின் சத்து நீரோடு கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுவதே புழுங்கலரிசியின் இரகசியம். கேழ்வரகுக்கு அந்தத் தந்திரமும் தேவைப்படவில்லை. மணி அத்தனை சிறியது, தோல் அத்தனை இறுக்கமாக ஒட்டியது, அதனால் அரிசியைப்போல் தீட்ட வராமல் தோலோடு சேர்த்து அரைபடுகிறது. ஏழையின் உணவென்று ஒதுக்கப்பட்ட களியுருண்டையில், விருந்தில் பரிமாறும் வெள்ளைச் சோற்றைப்போல் ஏழு மடங்கு தயமின் இருப்பதன் காரணம் இவ்வளவே. வசதி வந்தவுடன் களியிலிருந்து சோற்றுக்கு மாறுவதை முன்னேற்றம் என்று கருதிய ஒரு தலைமுறை, இந்தக் கணக்கில் மட்டும் கீழிறங்கியது.

இவையெல்லாம் எப்படித் தெரியவந்தன என்ற கேள்வி, தங்கவயலிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுபோகிறது. குன்னூரில் உள்ள பாஸ்டர் ஆய்வகத்தில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைச் சிறிய அளவில் தொடங்கினார். கைகால் மரத்து, இதயம் வீங்கி உயிரைப் பறிக்கும் அந்நோய், பச்சரிசி உண்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் மலிந்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அரிதாக இருந்தது. ஒரே சென்னை மாகாணம், ஒரே அரிசி, பக்குவம் மட்டும் வேறு என்ற இந்த வேறுபாடே காரணத்தைச் சுட்டிக்காட்டியது. மெக்காரிசனின் சிறு ஆய்வு பிறகு ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாகியது.

மனத்தைப் பொறுத்தவரை மெக்காரிசன் செய்த வேறொரு சோதனை கூர்ந்து நோக்கத்தக்கது. ஒரே வயதுடைய எலிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரே அளவுள்ள இரண்டு பெரிய கூண்டுகளில் வைத்து, உணவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒன்றாகவே அமைத்தார். ஒரு கூண்டுக்குச் சீக்கியர் உண்ணும் முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி, எப்போதாவது இறைச்சி. மற்றதற்கு இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளி உண்ணும் வெள்ளை ரொட்டி, மார்ஜரின், டின் இறைச்சி, வேகவைத்துச் சத்துப்போன காய், டின் ஜாம், சர்க்கரையிட்ட டீ. முதற்கூண்டு எலிகள் செழித்து வளர்ந்து ஒன்றோடொன்று இணக்கமாக இருந்தன. இரண்டாம் கூண்டு எலிகள் வளர்ச்சி குன்றின. மருண்டு மருண்டு விழித்தன. உணவு வைக்க வந்தவரின் கையைக் கடித்தன. தமக்குள் ஓயாமல் சண்டையிட்டன. அறுபதாம் நாள் வாக்கில் தம்மில் நலிந்தவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. 1936இல் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இதை அவர் விவரித்தபோது, ஆளும் நாட்டின் உணவு ஆளப்படும் நாட்டின் ஒரு பகுதி உணவைவிடத் தாழ்ந்தது என்ற முடிவு கேட்டவர்களுக்கு இனித்திருக்காது. இந்தியப் பகுதிகளின் உணவுகளை ஒப்பிட்டு அவர் அமைத்த வரிசையில் தமிழர் உண்ட வெள்ளரிசி உணவும் கடைசி இடங்களில்தான் நின்றது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எலியின் கடியை மனிதனின் மனச்சோர்வாகப் பெயர்த்துக்கொள்ள முடியாது. ஆயினும் இச்சோதனையின் வலிமை அதன் அமைப்பில் இருக்கிறது: மற்றவை அனைத்தும் ஒன்றாக இருக்க, உணவு ஒன்று மட்டும் மாறியபோது நடத்தை மாறியது. அதன் குறையும் அமைப்பிலேயே இருக்கிறது: இரண்டு தட்டுகளுக்கும் இடையே பத்துப் பொருள்கள் மாறியதால், எது காரணம் என்று தனித்துச் சொல்ல வழியில்லை. உணவும் மனமும் பற்றிய பிற்கால ஆய்வுகள் பலவும் இந்த வலிமைக்கும் குறைக்கும் இடையிலேயே ஊசலாடி வந்துள்ளன.

தயமின் விஷயத்தில் அந்த ஊசலாட்டம் இல்லை, காரணம், சாராயம். மது தயமினைக் குடலில் உறிஞ்ச விடாமல் தடுக்கிறது, ஈரலில் சேரவிடுவதில்லை, குடிப்பவரின் சாப்பாட்டையும் குறைத்துவிடுகிறது. மூன்று வழியிலும் மூளையின் நெருப்பை அணைக்கிறது. சுரங்க வேலையின் வெக்கையும் உடல்வலியும் தீர மாலையில் குடித்துவிட்டு வெறும் வயிற்றோடு படுத்துவிடும் பழக்கம் தங்கவயலுக்கு மட்டும் உரியதன்று, உடலுழைப்பு ஊர்கள் எல்லாவற்றுக்கும் பொது. 1881இல் கார்ல் வெர்னிக்கெ விவரித்த நிலையில் நோயாளியின் கண் அலைபாய்கிறது, நடை தள்ளாடுகிறது, எங்கே இருக்கிறோம் என்பது தெரிவதில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் செர்கெய் கோர்சகாவ் விவரித்த நிலையில் புதிய நினைவு எதுவும் தங்காமல், விடுபட்ட இடங்களை நோயாளி தம்மை அறியாமலேயே கற்பனையால் நிரப்பிப் பேசுகிறார். ‘குடித்துக் குடித்துப் புத்தி பேதலித்துவிட்டது’ என்று தெரு சொல்வதன் ஒரு பகுதி, உண்மையில் ஓர் உயிர்ச்சத்துக் குறைவு. இத்தகையவர் மருத்துவமனைக்கு வந்தால், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்போ அதனோடு சேர்த்தோ தயமின் ஊசி போட வேண்டும் என்பது மருத்துவ விதி. நெருப்பு அணையப்போகும் அடுப்பில் விறகை மட்டும் அள்ளிப்போட்டால், மிச்சமிருந்த கொஞ்சத் தயமினும் அதை எரிப்பதிலேயே தீர்ந்துவிடும். ஊசி உரிய காலத்தில் போடப்பட்டால் கண்ணின் கோளாறு சில மணி நேரத்திலேயே சீராகத் தொடங்குவதைக் காணலாம். காரணம் இன்னதென்பதற்கு இதைவிட நேரான சான்று மருத்துவத்தில் அதிகம் கிடைப்பதில்லை. கர்நாடகம் 2007இல் சாராயத்தைத் தடைசெய்தது. குடி தடைபடவில்லை, புட்டி மாறியது.

தயமின் அன்றாடக் கூலி என்றால், பி12 உயிர்ச்சத்து குதிரில் கொட்டிய நெல். ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். தூள் உப்பின் ஒரே ஒரு துகள் அளவு பி12 இருந்தால் மூன்று வாரத்துக்கும் மேல் ஓடும் என்று சொன்னால் இதன் சிறுமை விளங்கும். ஈரலில் பல ஆண்டுகளுக்கான இருப்பு இருப்பதால் குறைபாடு மெல்ல மெல்ல, எவருக்கும் தெரியாமல் வருகிறது. மின்கம்பியின் மேலுள்ள ரப்பர் உறை தேய்ந்தால் மின்னோட்டம் தடுமாறுவதுபோல, நரம்பு இழையைச் சுற்றியுள்ள மயலின் என்னும் கொழுப்புறை பி12 இல்லாமல் சிதையும்போது கால் மரத்துப்போகிறது, மறதி வருகிறது, சோர்வும் எரிச்சலும் ஏறுகின்றன. சிலருக்கு இல்லாதது காதில் கேட்கும் அளவுக்கு மனம் பிறழ்கிறது. இரத்தசோகை வெளிப்படும் முன்பே மனத்தின் அறிகுறிகள் வந்துவிடுவதும் உண்டு என்பதால், இது மனநோய் என்றே தவறாகக் கருதப்பட்டு ஆண்டுக்கணக்கில் நீடித்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் உள்ளன.

பி12 எந்தத் தாவரத்திலும் உருவாவதில்லை; நுண்ணுயிர்கள் ஆக்க, விலங்கின் உடலில் சேர்ந்து, பால், முட்டை, மீன், இறைச்சி வழியாக மனிதனை அடைகிறது. கீரையும் பருப்பும் எவ்வளவு உண்டாலும் இந்தக் குறை நிரம்பாது. தங்கவயலின் லைன்களில் மலிவாகக் கிடைத்த மாட்டிறைச்சி, குறிப்பாக ஈரல், அவ்வூர் உழைப்பாளிகளுக்குப் பி12ஐயும் இரும்பையும் மிகக் குறைந்த விலையில் தந்த உணவு. 2021இல் நடைமுறைக்கு வந்த கர்நாடக மாடுவதைத் தடைச் சட்டத்தைப் பற்றிய விவாதங்கள் நம்பிக்கை, பொருளாதாரம், உரிமை ஆகியவற்றைச் சுற்றியே நிகழ்ந்தன. ஏழையின் நரம்புறையைப் பற்றிய பேச்சு அதில் அரிதாகவே எழுந்தது. தட்டில் விலங்குணவு இருப்பவர்களுக்கும் வேறொரு வழியில் இக்குறை வரலாம்: நீரிழிவுக்கு நெடுநாள் மெட்ஃபார்மின் உண்பவர்களிடமும், நெஞ்செரிச்சலுக்கு அமிலக் குறைப்பு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்களிடமும் குடல் பி12ஐச் சரிவர ஏற்பதில்லை.

இரும்பின் கதை பரவலாகத் தெரிந்தது என்பதால் விரிக்க வேண்டியதில்லை. தெரியாத பகுதி ஒன்றுண்டு. நரம்பணு ஒன்று அடுத்த அணுவுக்குச் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களை நரம்புக்கடத்திகள் என்பர். அவற்றுள் ஊக்கத்தோடு தொடர்புடைய டோப்பமினையும் மனநிலையோடு தொடர்புடைய செரோட்டோனினையும் செய்து தரும் நொதிகள் இரண்டுக்குமே இரும்பு தேவை. ஆகவே இரும்புக்குறைவு இரத்தத்தை மட்டும் வெளிறச் செய்வதில்லை. 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இந்திய அளவில் நூற்றுக்கு 57 பேருக்கும், கர்நாடகத்தில் ஏறத்தாழ 48 பேருக்கும், தமிழ்நாட்டில் 53 பேருக்கும் இரத்தசோகை இருப்பதாகக் கண்டது. எந்நேரமும் அசதி, எதிலும் நாட்டமின்மை, சட்டென்று எரிந்துவிழுதல் ஆகியவை இவர்களில் எத்தனை பேரிடம் குணமாகவும் சோம்பலாகவும் கருதப்பட்டிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். கேழ்வரகில் இரும்பு இருந்தும் அதிலுள்ள ஃபைட்டேட், டேனின் என்னும் பொருள்கள் அதைப் பிடித்துவைத்துக்கொள்வதால் உடலுக்கு முழுதாகக் கிடைப்பதில்லை. கரைத்த மாவை இரவெல்லாம் புளிக்கவிட்டு, காலையில் நொய்யோடு காய்ச்சும் கூழில் அந்தப் பிடி தளர்கிறது. கூழ் குடித்த கையோடு டீ குடித்தால், டீயிலுள்ள டேனின் மீண்டும் அதைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு மணி நேர இடைவெளி போதும். ரயிலுக்கு ஓடுபவருக்கு அந்த ஒரு மணி நேரம் எங்கே கிடைக்கும் என்பது வேறு கேள்வி.

தனித்தனிச் சத்துகளை விட்டு, பசி என்ற பொது நிலைக்கு வந்தால், 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய சோதனை குறிப்பிடத்தக்கது. போருக்குச் செல்ல மறுத்த, உடலும் மனமும் நலமாயிருந்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தனர். அவர்களின் எடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. நண்பர்களைத் தவிர்த்தனர், சிறு சத்தத்துக்கும் சீறினர், சிரிப்பை மறந்தனர், சமையல் புத்தகங்களைப் படித்துப் பொழுதைக் கழித்தனர், தட்டை நக்கினர். அவர்களுக்கு வேலை போகவில்லை, கடன் இல்லை, பிள்ளைகளின் பசியைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. உணவு ஒன்று மட்டும் குறைந்ததற்கே மனம் அப்படி ஒடுங்கியது. சுரங்கம் மூடப்பட்டபோது கூலியோடு சேர்ந்து நம்பிக்கையும் போன வீடுகளில் பசி எவ்வளவு, துயரம் எவ்வளவு என்று பிரித்தெடுக்க எந்த ஆய்வாலும் இயலாது.

இதுவரை சொன்னவை உறுதியான நிலம். வயிற்றில் கரையும் புளியின் பக்கம் வந்தால் நிலம் சற்றே இளகுகிறது. உடலிலுள்ள செரோட்டோனினில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குடலில் உருவாகிறது என்பது உண்மை. அதைக் காட்டி, ‘குடலே இரண்டாம் மூளை, வாழைப்பழத்தில் செரோட்டோனின் உண்டு, ஆகவே வாழைப்பழம் மகிழ்ச்சி தரும்’ என்று முடிப்பது பிழை. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே நெருக்கமாகப் பின்னிய உயிரணுச் சுவர் ஒன்று உண்டு. இரத்த-மூளைத் தடுப்பு எனப்படும் அந்தச் சுவரைக் குடலின் செரோட்டோனினும் பழத்தின் செரோட்டோனினும் தாண்டுவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. குடல் மூளையோடு பேசுவது வேறு வழிகளில்: மூளைத் தண்டிலிருந்து வயிறு வரை ஓடும் வேகஸ் நரம்பு வழியாக, நோயெதிர்ப்பு வேதிப்பொருள்கள் வழியாக, குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வெளியிடும் பொருள்கள் வழியாக. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் நொபுயுகி சுடோ குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளின் உடல் சிறு நெருக்கடிக்கும் நெருக்கடி ஹார்மோன்களை அளவுக்கு மீறிச் சுரந்தது. இளமையிலேயே நல்ல நுண்ணுயிரைக் குடலில் புகுத்தியபோது அந்த மிகை அடங்கியது. புளித்த உணவுகளைப் பத்து வாரம் உண்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகி, இரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் குறைந்ததை ஸ்டான்ஃபோர்ட் ஆய்வொன்று 2021இல் காட்டியது. மனச்சோர்வுற்றோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்த அழற்சி மிகுந்திருப்பதும் தெரியும். இவற்றை ஒன்றோடொன்று முடிச்சிட்டு, புளித்த கூழும் பழைய சோறும் மனச்சோர்வைத் தீர்க்கும் என்று சொல்லிவிட ஆசை எழுவது இயல்பு. நடுக்கண்ணி ஒன்று இன்னும் விடுபட்டிருக்கிறது: கூழை உண்டவர்களின் மனநிலையையே அளந்து காட்டும் சோதனை வேண்டும்.

எதை உண்கிறோம் என்பதற்கு இணையாக எப்போது உண்கிறோம் என்பதும் முக்கியம் என்று காட்டிய ஆய்வு தங்கவயலை நேராகத் தொடுகிறது. உடலில் ஒரு கடிகாரம் அன்று, பல கடிகாரங்கள் ஓடுகின்றன. மூளையின் அடிப்பகுதியில் உள்ள தலைமைக் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. கல்லீரல், கணையம் போன்றவற்றின் கடிகாரங்கள் பெரிதும் சாப்பாட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்கின்றன. ஊர்ச் சங்கு ஒரு நேரம் சொல்ல, வீட்டுக் கடிகாரங்கள் வேறொரு நேரம் காட்டினால் என்ன குழப்பம் வருமோ அதுதான் இரவு ஷிப்டுக்காரரின் உடலில் நிகழ்கிறது. பாஸ்டனில் உள்ள பிரிகம் மகளிர் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட சோதனையில், 19 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து இரவு வேலைச் சூழலை உருவாக்கினர். பகலிலும் இரவிலும் உண்ட குழுவினரிடம் மனச்சோர்வுக்குரிய மனநிலை 26 விழுக்காடும் பதற்ற மனநிலை 16 விழுக்காடும் உயர்ந்தன. அதே இரவு வேலையைச் செய்தும் பகலில் மட்டும் உண்ட குழுவினரிடம் அந்த மாற்றம் இல்லை. பத்தொன்பது பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. விடியற்காலை ரயில் பயணிகள் இரவு ஷிப்டுக்காரர்களும் அல்லர். ஆயினும் இரவு பத்து மணிக்கு மேல் வீடு திரும்பி, நாளின் முழுச் சாப்பாட்டையும் அப்போது உண்டு, சில மணி நேரத்தில் மறுபடியும் எழுந்து ரயிலேறும் உடலில், இரண்டு கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்டும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

மிஞ்சியிருப்பது எல்லோரும் கேட்கும் கேள்வி: வந்துவிட்ட மனச்சோர்வை உணவால் மாற்ற முடியுமா? இங்கே அம்பு எத்திசையில் பாய்கிறது என்பதே முதற்சிக்கல். மோசமாக உண்பவர்களிடம் மனச்சோர்வு மிகுதி என்று கணக்கெடுப்புகள் காட்டினால், உணவால் சோர்வு வந்ததா, சோர்ந்தவர் சமைக்க மனமின்றிக் கடையில் வாங்கியதைத் தின்றாரா, வறுமை என்ற மூன்றாவது ஒன்று இரண்டையும் விளைவித்ததா என்று கணக்கெடுப்பால் சொல்ல முடியாது. சென்னையில் 25,455 பேரிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில் நூற்றுக்கு 15 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. வருமானம் குறைந்தவர்களிடம் அது மிகுந்திருந்தது. அம்பின் திசையை அறியச் சீட்டுக் குலுக்கி மக்களைப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் உணவை மாற்றிப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழுவினர் 2017இல் வெளியிட்ட சோதனை அவ்வகையினது. மனச்சோர்வும் மோசமான உணவுப்பழக்கமும் உடைய 67 பேரில் ஒரு பகுதியினருக்கு உணவியல் வல்லுநர் துணையோடு காய்கறி, பருப்பு, முழுத்தானியம், மீன் நிறைந்த உணவும், மற்றோருக்கு அதே அளவு நேரம் தோழமைப் பேச்சும் தரப்பட்டன. 12 வாரத்துக்குப் பின் முதற்குழுவில் நூற்றுக்கு 32 பேரும் இரண்டாங்குழுவில் 8 பேரும் சோர்வு நிலையைக் கடந்திருந்தனர்.

இந்த எண்ணைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. மாத்திரைச் சோதனையில் உண்மை மாத்திரை எது, வெறும் மாவு மாத்திரை எது என்று உண்பவருக்குத் தெரியாதபடி மறைக்கலாம். தட்டிலிருக்கும் மீனை மறைக்க முடியாது. நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பே ஒரு பகுதி நன்மையைச் செய்திருக்கக்கூடும். ஐரோப்பாவில் 1,025 பேரிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான பெரிய சோதனையில், மீன் எண்ணெயும் உயிர்ச்சத்துகளும் அடங்கிய மாத்திரைகள் மனச்சோர்வு வருவதைத் தடுக்கவில்லை. உணவுப்பழக்க ஆலோசனையும் தெளிவான பலன் தரவில்லை. குறை இருப்பவருக்கு அதை நிரப்புவது மருந்து. குறை இல்லாதவருக்கு மேலும் மேலும் ஊற்றுவது வீண்செலவு என்பதே இரண்டையும் சேர்த்துப் படிப்பதால் கிடைக்கும் நியாயமான முடிவு. உணவு, சிகிச்சைக்குத் துணை, மாற்று அன்று. மனச்சோர்வுக்கு மருந்து உண்பவர் கூழையும் கீரையையும் நம்பி மருந்தை நிறுத்திவிடக் கூடாது. நீங்காத அசதியும் எரிச்சலும் மறதியும் உள்ளவர், அதை வயதின்மீதோ விதியின்மீதோ போடுமுன் இரத்த ஹீமோகுளோபின், பி12, தைராய்டு அளவுகளைப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்பது நல்லது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் வழிகாட்டுதலில் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் மனநலத் தொலைபேசிச் சேவையின் கட்டணமில்லா எண்ணான 14416இல் தமிழிலும் பேசலாம்.

தட்டில் என்ன விழுகிறது, எப்போது விழுகிறது என்பதில் தனிமனித விருப்பத்துக்கு உள்ள பங்கு, அறிவுரை கூறுபவர்கள் நினைப்பதைவிடக் குறைவு. தங்கவயலில் அதைச் சங்கு தீர்மானித்தது, கூலி தீர்மானித்தது, இப்போது ரயிலின் கால அட்டவணையும் ரேஷன் கடையும் சட்டமும் தீர்மானிக்கின்றன. அவ்வகையில் அண்மையில் வந்த நல்ல மாற்றம் ஒன்று, கர்நாடக அரசுப் பள்ளிகளில் மதிய உணவோடு 2024 முதல், வாரத்துக்கு ஆறு நாளும் முட்டை தரும் ஏற்பாடு. ஒரு முட்டையில் ஏறத்தாழ அரை மைக்ரோகிராம் பி12 இருக்கிறது. முட்டை வேண்டாம் என்னும் பிள்ளைகளுக்கு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ தருகிறார்கள். அவை இரண்டிலும் பி12 கிடையாது.